பதினாறு குழி, பதின்மூன்று வட்டம்

வீரமலையின் நிழலுக்குத் தலை இல்லை.

பஸீலா முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆயிரத்துச் சொச்சம் போட்டோக்களை ஒன்றோடொன்று தைத்து ஒரே படமாக்குகிற பிழைப்பில் இதைவிட எத்தனையோ கூத்தை அவள் பார்த்தாயிற்று. ஒரு போட்டோவில் நிற்கிற மாடு அடுத்த போட்டோ எடுப்பதற்குள் நாலடி நகர்ந்திருக்கும்; கம்ப்யூட்டர் முன்பாதியை இங்கேயும் பின்பாதியை அங்கேயும் எடுத்து ஒட்டி ஆறு கால் மாடாக்கி வைக்கும். பாதி சைக்கிள், இரண்டு முதுகுள்ள ஆடு, இடுப்போடு நின்றுபோன பெண்பிள்ளை என்று ஒரு மிருகக்காட்சிசாலையே அவள் கையால் அழிந்திருக்கிறது.

அவள் புருஷன் நசுருதீனுக்கு ட்ரோன் பறக்கவிடுகிற தொழில். போன வருஷம் வரைக்கும் கல்யாண மண்டபத்துக்கு மேலே பறந்து மாப்பிள்ளையையும் பெண்ணையும் வானத்திலிருந்து படம் பிடித்துக்கொண்டிருந்தவன்தான். இந்தப் பங்குனியில் முதன்முறையாக வேறு மாதிரி ஒரு வேலை வந்தது. ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டை விட்டு உள்ளே போனால், கொள்ளிடக் கரையை ஒட்டி, வாழைத் தோப்புகளுக்கு நடுவே பத்து ஏக்கர் உளுந்து வயல். அதற்கு அடியில் என்னமோ புதைந்து கிடக்கிறது, மண்ணைத் தோண்டாமல் மேலிருந்தே கண்டுபிடிக்க வேண்டும் என்று தில்லை நகரிலிருந்து சவரிநாதன் என்கிற ஓய்வுபெற்ற சரித்திரப் பேராசிரியர் வந்து நின்றார். வயல்காரரின் ஆள் வீரமலை. நாலு மூலையிலும் கட்டம் போட்ட வெள்ளைத் துணியை விரித்து, ஆடு மாடு மிதிக்காமல் பக்கத்திலேயே நிற்பதுதான் அவர் வேலை. அந்தத் துணிகளை வைத்துத்தான் படத்துக்கு அளவு எடுப்பார்கள்.

காலை ஆறரை மணி வெயிலில்தான் பறக்கவேண்டும். சூரியன் தாழ்வாக இருந்தால்தான் தரையின் சின்ன மேடு பள்ளம்கூட நிழலாக விழும். அந்த வெளிச்சத்தில் மேலிருந்து பார்த்தால் மனுஷன் ஒரு தலை, இரண்டு தோள், அவ்வளவுதான்; மேற்கே நீண்டு கிடக்கிற நிழல்தான் அவன் யார், நிற்கிறானா நடக்கிறானா என்று சொல்லும். வீரமலையின் நிழல் துணியின் ஓரத்தில் ஆரம்பித்து, உளுந்துச் செடிகள் மேல் கால், இடுப்பு, தோள் என்று படுத்து, தோளோடு நின்றுவிட்டது. கத்தி வைத்து நறுக்கின மாதிரி.

தையல் கோளாறுதான் என்று தைக்காத போட்டோவைத் திறந்து பார்த்தாள். அதிலும் அப்படியே இருந்தது. அதற்கு முந்தின போட்டோ, பிந்தின போட்டோ, எல்லாவற்றிலும் அப்படியே. துண்டு கட்டிய தலை ஆளுக்கு இருந்தது, நிழலுக்கு இல்லை.

எதிர்வீட்டுத் தறி தடக் தடக் என்று ஓடிக்கொண்டிருந்தது. கீழ்வீட்டில் கருவாடு வறுக்கிற வாசனை மாடிக்கு ஏறி வந்தது. இரண்டு மணிக்குள் படம் வேண்டும் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். நிழலின் தலை ஏதாவது வாய்க்காலுக்குள் விழுந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பக்கத்திலிருந்த பச்சையை எடுத்து வீரமலை மேல் பூசினாள். படத்தில் மண் மட்டும்தான் இருக்கவேண்டும், ஆள் இருக்கக்கூடாது. முதலில் தலை போயிற்று, பிறகு தோள், பிறகு நிழல். நாலு சொடுக்கில் ஆள் காலி.

சவரிநாதன் இரண்டு மணிக்குச் சொன்னபடி வந்தார். கூடவே நசுருதீன், கையில் சர்பத் பாட்டிலோடு. படம் திரையில் விரிந்ததும் பெரியவர் நாற்காலியைக்கூட இழுத்துப் போட்டுக்கொள்ளாமல் குனிந்து நின்றுவிட்டார்.

"பாருங்கம்மா, பாருங்க! மண்ணு மறைச்சாலும் செடி காட்டிக் குடுத்துடும். கீழ செவுரு இருந்தா வேரு எறங்காது, மேல செடி வெளுத்துப் போகும். பழைய குழி இருந்தா ஈரம் தங்கும், செடி கருகருன்னு வளரும். இது கரும்பச்சை. எல்லாம் குழி."

பஸீலாவும் பார்த்தாள். தரையில் நின்றால் வெறும் உளுந்து. மேலிருந்து பார்த்தால், வெளிறின பச்சைக்கு நடுவே கரும்பச்சையில் ஆள் நீளத்துக்கு நெட்டுக் குழிகள், வடக்கு தெற்காக ஒரே வரிசையில். பெரும்பாலான குழிகளுக்கு நாலடி முன்னால் சின்னதாக ஒரு வட்டம். பேராசிரியர் விரல் வைத்து எண்ணினார்.

"நெட்டுக் குழி பதினாறு. வட்டம்... பதிமூணு."

"என்னங்க சார் அது வட்டம்?" என்றான் நசுருதீன்.

"தலை தம்பி. உடம்பு ஒரு குழி, தலை ஒரு குழி. நவகண்டம்னு கேள்விப்பட்டிருப்பீங்களே? ராஜாவுக்கு நோய் தீரணும், போருல ஜெயிக்கணும்னா, அவருக்காக ஒருத்தன் தன் தலையைத் தானே அறுத்துக் குடுப்பான். சிலையெல்லாம் இருக்கு. இடது கையால குடுமியைப் பிடிச்சுக்குவான், வலது கையால..."

அவர் தன் நரைத்த முடியை இடது கையால் கொத்தாகப் பிடித்து முன்னால் இழுத்து, வலது கையைக் கழுத்தடியில் குறுக்கே ஓட்டிக் காட்டிவிட்டுச் சிரித்தார்.

"ஒருத்தருக்குப் பதிலா இன்னொருத்தர் தலை. அதான் கணக்கு."

"அப்ப மூணு வட்டம் குறையுதே சார்," என்றாள் பஸீலா.

"மூணு பேர் கடைசி நிமிஷத்துல பயந்து ஓடியிருப்பாங்கம்மா. குழி வெட்டினது வெட்டினபடி இருக்கு, ஆளைக் காணோம்." மறுபடி சிரித்தார். நசுருதீனும் சிரித்தான். பஸீலாவுக்கு மட்டும் அந்தச் சிரிப்பு ஒட்டவில்லை. சர்பத்தை ஊற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இன்னொரு தடவை படம் எடுக்க மறுநாள் விடிகாலையிலேயே நசுருதீன் வயலுக்குக் கிளம்பிப் போயிருந்தான். ஏழு மணிக்கு முன்னாலேயே போன் அடித்தது. அந்தப் பக்கத்திலிருந்து மூச்சு மட்டும் வந்தது.

"மச்சான்? என்ன மச்சான்?"

"வீரமலை..." என்றான் நசுருதீன். அதற்கு மேல் வாந்தி எடுக்கிற சத்தம்தான் கேட்டது.

மத்தியானம் வீடு வந்தவன் சட்டையைக் கழற்றிப் பக்கெட்டில் போட்டுவிட்டு, குளித்துவிட்டு, மறுபடியும் போய்க் குளித்தான். பிறகு தரையில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, விட்டு விட்டுச் சொன்னான். வீரமலை நடுவயலில் முட்டிபோட்டு உட்கார்ந்த மேனிக்கே இருந்தாராம். விழக்கூட இல்லையாம். தூரத்திலிருந்து பார்த்தபோது களை எடுக்கிறார் என்று நினைத்து, "என்ன அண்ணே, அதுக்குள்ள வந்துட்டீங்களா?" என்று கூப்பிட்டுக்கொண்டே கிட்டப் போயிருக்கிறான்.

"கழுத்துக்கு மேல ஒண்ணுமே இல்ல புள்ள. நெஞ்செல்லாம் ரத்தம் காஞ்சு, தோலு உரிச்ச மாதிரி. ஈ மொய்க்குது. வலது கையில வாழைத்தார் வெட்டுற அரிவாள். அவரு அரிவாளேதான். இடது கையை இறுக்க மூடியிருந்தாரு. போலீஸ்காரர் விரலைப் பிரிச்சாரு. உள்ள முடி. ஒரு கொத்து முடி."

"யார் முடி?"

"அவரு முடிதான்."

தலையைக் காணவில்லை. போலீஸ் அதைக் கொலை என்றே எழுதியது. நியாயம்தானே! தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டவன் தலையை எங்கே கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிவந்து முட்டிபோடுவான்? வாய்க்கால் தகராறு, தோப்புத் தகராறு என்று நாலு பேரைக் கூட்டிப்போய் விசாரித்தார்கள். நசுருதீனையும் இரண்டு நாள் உட்காரவைத்துக் கேட்டார்கள்.

பஸீலாவுக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. நான்தானே அழித்தேன் என்கிற நினைப்பு நெஞ்சில் மீன்முள் மாதிரி நின்றது. முதலில் தலை, பிறகு தோள். புருஷனிடம் சொன்னாள். அவன் அவள் தலையைத் தடவிக் கொடுத்தான்.

"போட்டோவை அழிச்சா ஆளு சாவானா? அப்படிப் பார்த்தா நீ இதுவரைக்கும் ஒரு ஊரையே கொன்னிருக்கணும். வெளிச்சக் கோளாறு புள்ள. மனசைப் போட்டுக் குழப்பிக்காத."

பத்து நாள் கழித்துப் போலீஸ் வயலை விட்டது. பேராசிரியருக்குப் பொறுக்கவில்லை. உளுந்தைப் பிடுங்கிவிட்டால் எல்லாம் போயிற்று, அடையாளம் செடியில்தான் இருக்கிறது, ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்று நசுருதீன் பின்னாலேயே அலைந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு வீரமலை இல்லாததால் வெள்ளைத் துணியின் பக்கத்தில் அவரே குடையோடு நின்றார்.

பத்து மணிக்குப் போட்டோக்கள் பஸீலாவிடம் வந்தன. அவள் ஆட்களைத் தேடவே இல்லை. நேராக அந்த வரிசைக்குப் போய் வட்டங்களை எண்ணினாள். பதின்மூன்று. அதற்கடுத்து, பத்து நாளைக்கு முன் வெறும் வெளிறின செடி இருந்த இடத்தில், மற்றதையெல்லாம்விடக் கருப்பாக, கொழுகொழுவென்று ஒரு பதினாலாவது வட்டம். சாணி உரம் கொட்டி வளர்த்த மாதிரி அத்தனை செழிப்பு.

வெள்ளைத் துணிப் பக்கம் படத்தை நகர்த்தினாள். குடையின் நிழல் இருந்தது. குடைக்காம்பைப் பிடித்த கையின் நிழல் இருந்தது. தோள் இருந்தது.

அதற்கு மேல் உளுந்துதான் இருந்தது.

இந்தத் தடவை எதையும் அழிக்கவில்லை. கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டுப் பேராசிரியருக்குப் போன் போட்டாள். உளறினாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"குடைக்குள்ள நின்னா தலை நிழல் எப்படிம்மா விழும்? குடை நிழலோட கலந்துடும்ல?"

"குடை தனியாத் தெரியுது சார். நடுவுல வெறும் வெயிலு. சார், நீங்க அந்தப் பக்கம் போகாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"சரிம்மா சரிம்மா. வீரமலை விஷயம் உங்களை ரொம்ப ஆட்டிடுச்சு. படுத்துத் தூங்குங்க."

அவர் போனார். ஏன் போனார் என்று அவர் சம்சாரத்துக்கும் தெரியாது. சாயங்காலம் நாலு மணிக்குக் காபி குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு, அடுப்படியிலிருந்த தேங்காய் வெட்டுகிற கத்தியை ஒரு பையில் போட்டுக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் ஆட்டோ பிடித்திருக்கிறார். ஆடு மேய்க்க வந்தவர்கள் ஐந்தரை மணிக்குப் பார்த்தார்கள். முட்டிபோட்டு இருந்தார். அந்தக் கத்தி கூர்மையே இல்லாத கத்தி. எத்தனை தடவை இழுத்திருக்கவேண்டும் என்று கழுத்தைப் பார்த்தாலே தெரிந்ததாம். கயிற்றைப் பிய்த்த மாதிரி நார் நாராகத் தொங்கியதாம். இடது கை நிறைய நரைமுடி. தலை இல்லை.

அன்றைக்குப் பஸீலா புருஷனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "போனா நான் செத்துப்போவேன் மச்சான். அல்லா மேல ஆணை. அந்தப் பக்கம் இனிமே போகமாட்டேன்னு சொல்லுங்க."

"போகமாட்டேன்."

"என் தலையில அடிச்சுச் சொல்லுங்க."

அவன் அவள் உச்சந்தலையில் கைவைத்துச் சொன்னான். கை சில்லென்று இருந்தது.

அதற்குப் பிறகு நாலு நாள் ஒன்றும் நடக்கவில்லை. தறி ஓடியது. கருவாடு வறுபட்டது. ஐந்தாம் நாள் விடிகாலையில் நசுருதீன் ட்ரோன் பெட்டியைத் தூக்கினான். திருவானைக்காவலில் கல்யாணம், ஏழரைக்கு முகூர்த்தம், எட்டரைக்கெல்லாம் வந்துவிடுவேன் என்றான். அவள் வாசல்வரை வந்து அனுப்பிவைத்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் போட்டாள். கல்யாணங்களுக்காக அவர்கள் ஒரு ஏற்பாடு செய்துவைத்திருந்தார்கள்: ட்ரோன் எடுக்க எடுக்கப் போட்டோக்கள் அவன் செல்போன் வழியாக வீட்டுக் கம்ப்யூட்டரில் வந்து இறங்கும், மண்டபத்திலிருந்து அவன் கிளம்புவதற்குள் அவள் நல்லதைப் பொறுக்கிவைப்பாள்.

ஆறே முக்காலுக்கு முதல் போட்டோ வந்தது.

பந்தல் இல்லை. வாழைமரத் தோரணம் இல்லை. வாழைத் தோப்பு இருந்தது. தோப்புக்கு நடுவே உளுந்து.

போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாவது போட்டோ, மூன்றாவது போட்டோ. வயலோரப் புளியமரத்தடியில் போலீஸ் ஜீப், பக்கத்தில் இரண்டு தொப்பிகள். அப்போதுதான் புரிந்தது. தலையைத் தேடச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பிணத்துக்கும் தலை இல்லாமல் கேஸ் நகராது, மேலேயிருந்து பார்த்துச் சொல்லு என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இவனும் இவளிடம் கல்யாணம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அடப்பாவி மனுஷா!

ட்ரோன் தானாகப் பறந்து தானாகப் படம் எடுக்கும். ஒரு தடவை பாதையைப் போட்டுவிட்டால் போதும், கீழே நிற்கிறவன் ஒன்றும் செய்யவேண்டாம். அதனால் போட்டோக்கள் நிற்காமல் வந்துகொண்டிருந்தன. வட்டங்கள் வந்தன. பதினைந்து. பதினைந்தாவது எண்ணெய் தடவின மாதிரி மின்னியது. பதினாறாவது குழிக்கு முன்னால் மட்டும் வெளிறின தரை.

பிறகு அவன் வந்தான். வரப்பில் நின்றான். நீலச் சட்டை. மேற்கே விழுந்த நிழலில் கால், இடுப்பு, தோள்.

தோளோடு சரி.

"யா அல்லா!"

போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. போலீஸ் நம்பர் தெரியாது. நூறுக்குப் போட்டாள், யாரோ ஒரு பெண் ஊர் பேர் கேட்டாள், தெரு கேட்டாள், என்னம்மா நடக்குது தெளிவாச் சொல்லுங்க என்றாள். எதைத் தெளிவாகச் சொல்வது?

அடுத்த போட்டோவில் அவன் வரப்பை விட்டு இறங்கியிருந்தான். ரிமோட் வரப்பிலேயே கிடந்தது.

அடுத்தது. நாலடி உள்ளே. கையில் ஏதோ மின்னியது. பெரிதாக்கினாள். அரிவாள். எங்கே கிடைத்தது, யார் கொடுத்தார்கள்? தொப்பிகள் இரண்டும் புளியமரத்தடியில் அந்தப் பக்கம் திரும்பி நின்றன.

அடுத்தது. வரிசையை நெருங்கிவிட்டான்.

வீரமலையை அழித்தாள், செத்தார். பேராசிரியரை அழிக்கவில்லை, அவரும் செத்தார். அழித்தாலும் போகிறது, விட்டாலும் போகிறது. பின்னே என்னதான் மிச்சம்? ஒருத்தருக்குப் பதிலா இன்னொருத்தர் தலை, அதான் கணக்கு.

வைக்கவேண்டும். இல்லாத இடத்தில் ஒன்றைக் கொண்டுவந்து வைக்கவேண்டும்.

பழைய போட்டோக்களைத் திறந்தாள். முதல் நாள் எடுத்ததில் நசுருதீன் வயலோரம் நின்ற படம் இருந்தது, அவன் தலையையே எடுத்து வைத்துவிடலாம். திறந்தாள். அதிலும் தோளோடு நின்றது. அன்றைக்கு இருந்ததே! அடுத்த படத்தில் போயிருந்தது, அதற்கடுத்ததில் போயிருந்தது. கல்யாண வீடுகளில் எடுத்ததெல்லாம் உச்சிவெயில், நிழலே காலடியில் சுருண்டு கிடந்தது. காலை வெயில் வேண்டும். இதே சாய்வு, இதே நீளம். இல்லாவிட்டால் ஒட்டாது, ஒட்டினது தெரிந்துபோகும்.

போட்டோ வந்தது. பதினாறாவது குழிமேல் நிற்கிறான்.

மொட்டைமாடியில் ட்ரோன் வாங்கின அன்று சோதித்துப் பார்த்த படம்! போன பங்குனி, காலை ஏழு மணி. இரண்டு பேரும் நின்றார்கள். திறந்தாள். ஒரு நிழல் தண்ணீர்த் தொட்டியில் ஏறி மடிந்து உடைந்திருந்தது. இன்னொன்று தரையில் முழுசாக, அழகாக விழுந்திருந்தது. சாய்வு சரி. நீளம் சரி. கழுத்தின் அகலம்கூட ஒத்துப்போகும்.

போட்டோ வந்தது. முட்டிபோட்டுவிட்டான்.

வெட்டினாள். தலையைச் சுற்றிக் கோடு போட்டு வெட்டினாள். ஓரத்தில் துணியின் முனை ஒன்று கொக்கி மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது, அதைச் சரிசெய்ய நேரமில்லை.

போட்டோ வந்தது. இடது கை தலைக்கு மேலே.

ஒட்டினாள். குழிமேல் அவன் நின்ற போட்டோவில், நிழலின் கழுத்தில் பொருத்தினாள். கொஞ்சம் கீழே. கொஞ்சம் மேற்கே. ஓரத்தை மழுக்கினாள்.

போட்டோ வந்தது. முடியை முன்னால் இழுத்துவிட்டான், பிடரி வெள்ளையாகத் தெரிந்தது. அரிவாள் கழுத்தடியில்.

பிஸ்மில்லாஹ். சேமித்தாள்.

அடுத்த போட்டோ வரவில்லை.

தறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஓதத் தெரிந்ததையெல்லாம் ஓதினாள். தடக், தடக், தடக்.

வந்தது. உளுந்துக்கு நடுவே அவன் நின்றுகொண்டிருந்தான். கைகள் தொங்கின. அரிவாள் தரையில் கிடந்தது. தொப்பிகள் இரண்டும் அவனை நோக்கி ஓடிக்கொண்டிருந்தன. நிழல் மேற்கே நீண்டு, கால், இடுப்பு, தோள், தலை.

பஸீலா மேஜைமேல் கவிழ்ந்து ஓவென்று அழுதாள்.

எட்டரைக்கு அவன் சொன்னபடி வந்துவிட்டான், போலீஸ்காரர்களே ஜீப்பில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். கழுத்தில் பூனை பிறாண்டின மாதிரி ஒரு கீறல், அவ்வளவுதான். அவனை உட்காரவைத்து முகம், கை, கழுத்து என்று எல்லா இடத்தையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். திட்டவேண்டும் என்று நினைத்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல புள்ள," என்றான். "ரிமோட்டைக் கீழ வச்சது தெரியும். அப்புறம் யாரோ என் தோளைத் தொட்ட மாதிரி இருந்துச்சு. பொம்பளைக் கை மாதிரி. முழிச்சுப் பார்த்தா நடுவயல்ல நிக்கிறேன்."

"பேசாதீங்க. முதல்ல குளிச்சுட்டு வந்து சாப்பிடுங்க."

பழைய சோற்றில் தயிர் ஊற்றி வைத்தாள். தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. அரிவாள்மனையைப் போட்டு ஒரு மாங்காயை எடுத்து நறுக்கினாள். பாதி நறுக்கும்போதே அவனுக்குத் தண்ணீர் வைக்கவில்லை என்று ஞாபகம் வந்து எழுந்தாள். சொம்போடு திரும்பியவள் நின்றுவிட்டாள்.

கிழக்கு ஜன்னல் வெயில் அவன் முதுகில் அடித்தது. எதிர்ச்சுவரில் அவன் நிழல் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவன் தலையில் துணி எதுவும் இல்லை. குளித்த ஈரம் சொட்டுகிற வெறும் தலை. சுவரில் இருந்த தலைக்கு முக்காடு இருந்தது. முக்காட்டின் ஓரத்தில், பின் குத்தாமல் விட்ட முனை ஒன்று கொக்கி மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது.

மொட்டைமாடி. போன பங்குனி. தண்ணீர்த் தொட்டியில் மடிந்து உடைந்தது மச்சானுடைய நிழல்.

முழுசாக விழுந்தது?

அவளும் வெயிலில்தான் நின்றாள். மெதுவாகச் சுவரைப் பார்த்தாள். அவன் நிழலுக்குப் பக்கத்தில் சொம்பு. சொம்பைப் பிடித்த கை. தோள்.

தோளோடு சரி.

மச்சான் என்று கூப்பிடப் பார்த்தாள். குரல் கழுத்தைத் தாண்டி மேலே வரவில்லை. எதிர்வீட்டுத் தறி நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

"ஏன் புள்ள நின்னுக்கிட்டே இருக்க?" என்றான் அவன், சோற்றைப் பிசைந்துகொண்டே, நிமிர்ந்து பார்க்காமல். "உக்காரு. நீயும் ஒரு வாய் சாப்பிடு."

உட்கார்ந்தாள். அவள் உட்காரவில்லை, முட்டி மடிந்தது. அரிவாள்மனைக்கு முன்னால். பாதி மாங்காய் பலகையில் கிடந்தது. சொம்பு கையை விட்டு உருண்டு தண்ணீர் தரையெல்லாம் ஓடியது.

"அடடா, பார்த்து..." அவன் நிமிர்ந்தான்.

அவளுடைய இடது கை எழுந்தது. முக்காட்டைப் பின்னால் தள்ளியது. உச்சிமுடியைக் கொத்தாக வளைத்துப் பிடித்தது. அவன் கத்திக்கொண்டே பாய்ந்து வந்து அந்தக் கையைப் பிடித்தான், இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான், பலகையில் காலை ஊன்றி இழுத்தான். கை இரும்பாக இருந்தது. சுவரில், அவன் தோளின் மேல் இருந்த முக்காடு போட்ட தலை அவள் பக்கம் திரும்பியது.

கை முடியை முன்னால் இழுத்தது. தலை குனிந்தது.

அரிவாள்மனையில் இருந்த மாங்காய்ச் சாறுதான் முதலில் எரிந்தது.